வீடு வாங்கும் முன் கட்டட ஆய்வு: வாசகர் கேள்விகளுக்குப் பொறியாளரின் பதில்கள்

வாங்குவதற்கு முடிவு செய்த வீட்டைப் பத்திரம் முடிவதற்கு முன் ஒரு கட்டட ஆய்வாளரிடம் காட்டிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள், அந்த ஆய்வுக்குத் தாங்கள் எப்படித் தயாராவது என்று கேட்டுத் தொடர்ந்து எழுதுகிறார்கள். ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: விலை பேசி முடித்துவிட்டோம், அடுத்த வாரம் ஆய்வாளர் வருகிறார். வீட்டைத் திறந்து காட்டுவது விற்பவரின் பொறுப்பு, பார்ப்பது ஆய்வாளரின் பொறுப்பு. வாங்கப்போகும் நாங்கள் தயார் செய்வதற்கு இதில் என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. ஆய்வறிக்கை எந்த அளவுக்குப் பயன்படும் என்பது ஆய்வாளரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. அவர் வந்து நிற்கும்போது வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இந்த ஆய்வு கண்ணால் பார்த்தும், கையால் தட்டியும், கருவிகளை இயக்கியும் செய்யப்படுவது. ஆய்வாளர் சுவரை உடைக்க மாட்டார், தரையைப் பெயர்க்க மாட்டார், கனமான அலமாரிகளை நகர்த்த மாட்டார், பூட்டியிருக்கும் அறையைத் திறக்கும்படி வற்புறுத்தவும் மாட்டார். மூடி வைத்திருக்கும் மெயின் வால்வையோ அணைத்து வைத்திருக்கும் வாட்டர் ஹீட்டரையோ அவராக இயக்குவதும் பெரும்பாலும் இல்லை. அது எதற்காக மூடப்பட்டது என்று அவருக்குத் தெரியாது, திறந்ததால் வீட்டுக்குள் தண்ணீர் பெருகினால் பொறுப்பு அவர் தலையில் விழும். பார்க்க முடியாத ஒவ்வொன்றுக்கும் நேராக ‘பார்க்க இயலவில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். அவர் வரையில் அது நேர்மையான குறிப்புதான். ஆனால் கட்டணம் கொடுத்த உங்களுக்கு, வீட்டின் அந்தப் பகுதியைப் பற்றி எதுவுமே தெரியாமல் போய்விடுகிறது.

ஆகவே சில நாட்களுக்கு முன்பே, தரகர் இருந்தால் அவர் வழியாகவும் இல்லாவிட்டால் நேரடியாகவும், விற்பவருக்கு எழுத்தில் ஒரு வேண்டுகோள் அனுப்பிவிடுங்கள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு ஆகிய மூன்று இணைப்புகளும் அன்று இயங்க வேண்டும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடாக இருந்தால் இவற்றை மீண்டும் பெறுவதற்கே சில நாட்கள் பிடிக்கும். வாட்டர் ஹீட்டர் முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லா அறைகளுக்கும், வெளிக்கதவுகளுக்கும், மீட்டர் பெட்டிக்கும் சாவி இருக்க வேண்டும். மின்பகிர்வுப் பெட்டிக்கு முன்னால் ஓர் ஆள் தாராளமாக நிற்க இடம் வேண்டும். கூரைக்கு ஏறும் வழியும், கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள வெளிக்குள் நுழையும் திறப்பும், தரைக்கு அடியில் இடைவெளி இருந்தால் அதற்கான வாயிலும் அடைபடாமல் இருக்க வேண்டும். செப்டிக் டேங்க் இருந்தால் அதன் மூடி எங்கே இருக்கிறது என்று விற்பவர் அடையாளம் காட்ட வேண்டும். வளர்ப்பு நாய் இருந்தால் அன்று வேறு இடத்தில் இருப்பது நல்லது.

சுவரோரம் அடுக்கிய சாமான்களை அப்புறப்படுத்தச் சொல்வதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம். நான் பார்க்கச் சென்ற ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய அறை, உச்சி வரை பெட்டிகளால் அடைந்திருந்ததாம். வாங்குபவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டதால் அன்று காலை பெட்டிகளை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். பின்சுவரின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொருமி நின்றது. விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. சுவரின் மறுபக்கம் குளியலறை. ஷவருக்குப் போகும் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்ததைப் பிறகு குழாய்ப் பணியாளர் கண்டுபிடித்தார். அந்த வீட்டின் மிகப் பெரிய குறையே அதுதான். பெட்டிகள் உள்ளேயே இருந்திருந்தால் அறிக்கையில் அது ஒரு வரியாகக்கூட வந்திருக்காது.

இன்னொன்று, காகிதங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கட்டி முடித்த ஆண்டு, பிற்பாடு சேர்த்த அறைகளுக்குப் பெற்ற அனுமதி, கூரையிலும் குழாய்களிலும் செய்த பழுதுபார்ப்புக்கான ரசீதுகள், கரையான் மருந்து அடித்த சான்று ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கி, ஆய்வாளருக்கு முன்னதாகவே அனுப்பிவையுங்கள். வரைபடத்தில் இருக்கும் ஒரு சுவர் நேரில் இல்லையென்றால், அது பாரம் தாங்கும் சுவரா, அதை எடுத்தபோது மேலே உத்தரம் வைத்தார்களா என்று அவர் அங்கேயே தேடத் தொடங்குவார். வரைபடம் கையில் இல்லாதவருக்கு அந்தச் சுவர் அங்கே இருந்ததே தெரியாது.

கேள்வி: “முன்பணத்தைக் கொடுத்துவிடுங்கள், ஆய்வைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்” என்கிறார் தரகர். சம்மதிக்கலாமா?

பதில்: ஒப்பந்தத்தில் அதற்கான நிபந்தனை எழுதப்பட்டிருந்தால் சம்மதிக்கலாம், இல்லையென்றால் வேண்டாம். இன்ன தேதிக்குள் ஆய்வு நடத்தப்படும் என்பதும், பெரிய குறைகள் தெரியவந்தால் விலையை மறுபடி பேசவோ முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகிக்கொள்ளவோ உங்களுக்கு உரிமை உண்டு என்பதும் தெளிவான சொற்களில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டால், பிறகு வரும் அறிக்கை எத்தனை நல்லதாக இருந்தாலும் உங்கள் கையில் பிடிமானம் இருக்காது. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், ஏனென்றால் இதற்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கெடு வைக்கும்போது ஆய்வு நடக்கும் ஒரு நாளை மட்டும் கணக்கில் எடுக்காமல், அறிக்கை வருவதற்கும், அதைப் பார்த்த பின் வேறொரு நிபுணரை அழைக்க நேர்ந்தால் அதற்கும் சேர்த்து நாட்களைக் கேளுங்கள்.

கேள்வி: தரகரே ஓர் ஆய்வாளரைப் பரிந்துரைக்கிறார். அவரையே வைத்துக்கொள்ளலாமா? நல்ல ஆய்வாளர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தரகர் பரிந்துரைத்தார் என்பதாலேயே ஒருவரை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் தரகருக்கு விற்பனை முடிந்தால்தான் வருமானம். ஆய்வாளருக்கோ அந்தத் தரகரிடமிருந்து அடுத்த வேலை வர வேண்டும். இந்தப் பிணைப்பு அறிக்கையின் சொற்களை மென்மையாக்கக்கூடும் என்பதால், நீங்களாகவும் ஓரிருவரை விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் தெரியாதபடி மறைத்த பழைய அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் குறை இருக்கும் இடத்தின் படமும், அந்தக் குறையால் என்ன ஆகும் என்ற விளக்கமும், அடுத்து யாரை அழைக்க வேண்டும் என்ற குறிப்பும் இருந்தால் அவர் வேலை தெரிந்தவர். வெறும் ‘நன்று’, ‘சுமார்’ என்று கட்டங்களை மட்டும் நிரப்பியிருந்தால் வேறொருவரைத் தேடுங்கள்.

கூரை மேல் ஏறிப் பார்ப்பாரா, கீழிருந்தே பார்ப்பாரா, எவற்றையெல்லாம் பார்க்க மாட்டார் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் பிடிவாதமாக இருப்பது ஒரு விஷயத்தில் மட்டும்தான்: குறையைக் கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்து தருபவராகவும் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் அவர் சொல்வதில் எது குறை, எது அவருக்கு வரப்போகும் வேலை என்று பிரித்தறிய உங்களுக்கு வழியில்லை.

கேள்வி: அறிக்கை எப்படியும் வந்துவிடும். விடுமுறை எடுத்துக்கொண்டு நாங்களும் அங்கே இருக்க வேண்டுமா? போனால் கையில் என்ன கொண்டுபோவது?

பதில்: கட்டாயம் இருங்கள். நடுத்தர அளவுள்ள ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்த்து முடிக்க இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். முழு நேரமும் இருக்க முடியாதவர்கள் கடைசி ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். ‘சமையலறைச் சுவரில் ஈரம்’ என்று அறிக்கையில் படிப்பதும், அந்தச் சுவரில் கை வைத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. எழுத்தில் எல்லாக் குறைகளும் ஒரே அளவாகத் தோன்றும். நேரில் நிற்கும்போதுதான் எதைக் கண்டு ஆய்வாளர் முகம் சுளிக்கிறார், எதைக் கண்டு சாதாரணமாகக் கடந்து போகிறார் என்பது புரியும்.

பகல் வெளிச்சத்தில் நேரம் குறியுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அமைந்தால் அதைவிட நல்ல நாள் கிடையாது. கூரையும் வெளிச்சுவரும் தண்ணீரை எப்படிக் கையாள்கின்றன என்பதும், வீட்டைச் சுற்றித் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதும் அன்று மறைக்க முடியாதபடி தெரியும். சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் நிலம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இறங்கினால் மழைநீர் வீட்டைவிட்டு விலகி ஓடிவிடும். நிலம் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தாலோ அத்தனை நீரும் அஸ்திவாரத்தின் ஓரத்தில்தான் இறங்கும். வீட்டுக்குள் தெரியும் ஈரத்துக்கும் விரிசலுக்கும் காரணம் பல சமயங்களில் வெளியே இருக்கிறது என்பதால், முதலில் வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே போவதே என் பழக்கம்.

வெளிச்சம் நிறைந்த டார்ச், அளவு நாடா, குறிப்பேடு, வரைபடத்தின் நகல், முழுமையாகச் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி ஆகியவை போதும். அதைவிட முக்கியம், முன்பு வீடு பார்க்கப் போனபோது உங்களுக்கு உறுத்திய இடங்களை அறைவாரியாக எழுதி, தொடங்கும்போதே ஆய்வாளர் கையில் கொடுப்பது. அவர் வேலை செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் குறுக்கே கேள்வி கேட்காதீர்கள். கவனம் சிதறினால் ஏதாவது விட்டுப்போகும். ஓர் அறையை முடித்துவிட்டு நிமிரும்போது கேளுங்கள். தண்ணீர் மெயின் வால்வு, மின்சார மெயின் சுவிட்ச், எரிவாயு அடைப்பான் ஆகியவை எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவரைக் காட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குடிபோன முதல் வாரமே அது தேவைப்படலாம்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, தண்ணீர் மீட்டரில் மிகச் சிறிய அளவைக் காட்டும் முள் அல்லது எண் எங்கே நிற்கிறது என்று படம் எடுங்கள். மேல்தொட்டி இருந்தால் அது நிரம்பி மிதவை வால்வு மூடிக்கொண்ட பிறகு இதைச் செய்ய வேண்டும். அரை மணி நேரம் யாரும் தண்ணீர் திறக்கக் கூடாது. திரும்ப வந்து பார்க்கும்போது அந்த முள் நகர்ந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கழிப்பறைத் தொட்டியின் வால்வு கசிவதிலிருந்து, தரைக்கு அடியில் குழாய் உடைந்திருப்பது வரை எதுவாகவும் இருக்கலாம்; ஆனால் எங்கே என்று தேட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: முதல் முறை பார்த்தபோதே சுவர்களில் சில விரிசல்கள் கண்ணில் பட்டன. “எல்லா வீட்டிலும் இருப்பதுதான்” என்கிறார் விற்பவர். ஆய்வு நாளுக்கு முன் இதில் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: விற்பவர் சொல்வது பாதி சரி. விரிசலே இல்லாத கட்டடம் அரிது. பூச்சு காயும்போதும், வெயிலிலும் குளிரிலும் சுவர் விரிந்து சுருங்கும்போதும் மயிரிழை போன்ற கோடுகள் விழும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அத்தகைய கோடுகள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடுபவை. விரிசல் இருக்கிறதா என்பதைவிட, அது எங்கே தொடங்கி எந்தத் திசையில் போகிறது, ஒரு முனையைவிட மறுமுனை அகலமாக இருக்கிறதா, இன்னும் வளர்கிறதா என்பவைதான் கேள்விகள்.

ஆய்வுக்கு முன் ஒவ்வொரு விரிசலுக்கும் பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்துப் படம் எடுங்கள். பிறகு சற்றுத் தள்ளி நின்று, முழுச் சுவரும் தெரியும்படி இன்னொரு படம். வரைபடத்தின் நகலில் அவற்றின் இடத்தைக் குறியுங்கள். இப்படிக் குறிக்கும்போது, தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத ஒரு தொடர்பு வெளிப்படும். கீழ்த்தளத்து ஜன்னல் மூலையில் தொடங்கும் சாய்வான விரிசலும், அதற்கு நேர் மேலே மாடி ஜன்னல் மூலையில் உள்ள விரிசலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கத்து அஸ்திவாரம் மட்டும் இறங்கியிருக்கக்கூடும். செங்கல் சுவரில் படிக்கட்டுப் போல ஏறிப் போகும் விரிசலும் அதே சந்தேகத்தைத் தருவது. மண்ணைத் தடுத்து நிற்கும் நிலத்தடிச் சுவரில் கிடைமட்டமாக ஓடும் விரிசல், வெளியிலிருந்து மண்ணும் நீரும் சுவரைத் தள்ளுவதைக் காட்டுகிறது. அதைக் கண்டால் பொறுத்திருந்து பார்ப்போம் என்று விடக் கூடாது.

கான்கிரீட் உத்தரத்தின் அடியிலோ தூணிலோ நேர்க்கோடாக ஓடும் விரிசல் தனி வகை. அதன் ஓரத்தில் பழுப்புக் கறை இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிப்பதால் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அந்த இடத்தை ஆய்வாளர் சிறு சுத்தியலால் தட்டிக் காட்டும்போது கேளுங்கள்: திடமான கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், பிரிந்து நிற்கும் கான்கிரீட் பொத்தென்று கேட்கும். காதுக்கு ஒரு முறை பழகிவிட்டால் மறக்காது.

கதவுகளையும் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். விரிசலுக்கு அருகிலுள்ள கதவு நிலையில் உரசினாலோ, மேற்புற இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தாலோ, நிலை கோணியிருக்கிறது, சுவர் அசைந்திருக்கலாம். விரிசலின் அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஒருமுறை பூசி மூடிய விரிசல் அதே கோட்டில் மறுபடி திறந்திருந்தாலோ, பொது ஆய்வாளரோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். விரிசல் எப்போது வந்தது, எத்தனை முறை பூசினார்கள், பக்கத்தில் பெரிய மரம் வெட்டப்பட்டதா, ஆழ்குழி தோண்டப்பட்டதா என்ற கேள்விகளை விற்பவரிடம் இன்றே எழுத்தில் கேட்டு வைத்தால், அவர் தரும் விடைகள் அந்தப் பொறியாளருக்குப் பெரிதும் உதவும்.

கேள்வி: வீடு முழுவதும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறது. சந்தேகப்பட வேண்டுமா?

பதில்: வீடு முழுவதும் அடித்திருந்தால், விற்பதற்காக அழகுபடுத்தியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சுவருக்கு மட்டும், அல்லது உட்கூரையில் ஒரு திட்டுக்கு மட்டும் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

பெயிண்ட் எட்டாத இடங்கள் எப்போதும் உண்டு. சுவரில் பதித்த அலமாரிகளின் உட்புறம், சமையலறைத் தொட்டிக்குக் கீழே, ஜன்னல் திரைக்குப் பின்புறம், குளியலறைக்கு நேர் கீழே உள்ள அறையின் உட்கூரை ஆகியவற்றை டார்ச் வைத்துப் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் பொருமலும் மேடுபள்ளமும் நிழல் விழுந்து தெரியும். வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருந்தால், சுவருக்குள் போன நீர் காயும்போது உப்பை வெளியே விட்டுச் சென்றிருக்கிறது. நிலத்திலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதற்கும் மேலே ஈரம் இருந்தால் கூரையிலோ குழாயிலோ வெளிச்சுவரிலோ காரணத்தைத் தேட வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் வரும் மணத்தையும் கவனியுங்கள், ஏனென்றால் சில நிமிடங்களில் மூக்குக்கு அது பழகிவிடும்.

ஈரமானியும் வெப்பப் படக் கருவியும் இருந்தால் ஆய்வாளர் அவற்றைப் பயன்படுத்துவார். வெப்பப் படக் கருவி தண்ணீரைக் காட்டுவதில்லை, வெப்பநிலை வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. அது சந்தேகப்படும் இடத்தை ஈரமானியால் உறுதி செய்த பிறகே ஈரம் என்று முடிவுகட்ட வேண்டும்.

கேள்வி: மின் இணைப்பில் சாதாரண மனிதர் எதைக் கவனிப்பது?

பதில்: எதையும் கழற்றாதீர்கள், அது ஆய்வாளரின் வேலை, தேவைப்பட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. கசிவு மின்சாரத்தைக் கண்டறிந்து துண்டிக்கும் சுவிட்ச் மின்பகிர்வுப் பெட்டியில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆள் உயிரைக் காப்பதற்கான அத்தகைய சுவிட்ச் பரவலாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று சிறு சோதனைக் கருவியைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டால் சூடாக இருக்கும் சுவிட்ச், கருகிய பிளக் துளை, அடிக்கடி மின்னும் விளக்கு ஆகியவை உங்கள் கண்ணில் பட்டால் பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: பொது ஆய்வு போதுமா, வேறு சோதனைகளும் வேண்டுமா?

பதில்: அது வீட்டின் வயதையும் இடத்தையும் பொறுத்தது. சில சோதனைகளின் முடிவு வரச் சில நாட்கள் ஆகும் என்பதால், ஆய்வு நாள் குறிக்கும்போதே இதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பொது ஆய்வில் பெரும்பாலும் விட்டுப்போவது நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய். பழைய வீட்டில், அதிலும் குழாய் போகும் வழியில் பெரிய மரங்கள் நின்றால், குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்குச் செலவிடும் பணத்துக்கு நான் ஒருபோதும் தயங்க மாட்டேன். இணைப்புகளின் வழியே வேர் நுழைந்து குழாயை அடைத்திருப்பதோ, குழாய் நடுவில் தொய்ந்து கிடப்பதோ மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தெரியவரும்போது தரையைத் தோண்ட வேண்டியிருக்கும்.

மரவேலை மிகுந்த வீட்டில் கரையான் சோதனை வேண்டும். சுவரின் அடியில் பென்சில் கனத்தில் மண் குழாய்கள் ஏறியிருக்கிறதா, கதவு நிலையைத் தட்டினால் உள்ளீடற்ற ஒலி வருகிறதா என்று நீங்களும் பார்க்கலாம். கிணறு அல்லது ஆழ்துளைக் குழாய் இருந்தால் நீரை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பல பத்தாண்டுகள் பழைய கட்டடமானால் அஸ்பெஸ்டாஸ் தகடுகளும் ஈயம் கலந்த பெயிண்டும் இருக்கலாம். அவற்றைச் சுரண்டியோ உடைத்தோ பார்க்காமல், மாதிரி எடுக்கும் பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள். நிலத்தடி அறை உள்ள வீடுகளில் ரேடான் சோதனையும் நல்லது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் உண்டாகும் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணங்களுள் ஒன்று அது. உலக சுகாதார நிறுவனம் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பதைக் குறிப்பு அளவாகப் பரிந்துரைக்கிறது. குறுகிய காலச் சோதனைக்கே குறைந்தது 48 மணி நேரம் கருவி உள்ளே இருக்க வேண்டும், அதற்கு முன் 12 மணி நேரம் ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். ஆகவே இதற்கு விற்பவரின் ஒத்துழைப்பை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்குவது புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. எங்களுக்கும் இது தேவையா?

பதில்: தேவை. புதிய வீட்டில் எதுவும் இன்னும் பயன்படுத்தப்படாததால், குளியலறைச் சரிவு தப்பாக இருப்பதோ, குழாய் இணைப்பு கசிவதோ யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே நேரத்தில் பல குழாய்களைத் திறந்து நீரழுத்தத்தையும், தண்ணீர் வடியும் வேகத்தையும் பாருங்கள். கட்டுநர் அனுமதித்தால், குளியலறைத் தரையின் வடிகாலை அடைத்து ஆழம் குறைவாகத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்த்தளத்து உட்கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது மிகச் சிறந்த சோதனை. அடுக்குமாடியில் உங்கள் கதவுக்கு உள்ளே இருப்பது மட்டும் உங்கள் வீடு அன்று; மேல்தளம், லிஃப்ட், பம்ப், தண்ணீர்த் தொட்டி, பொதுக் குழாய்கள் ஆகியவற்றின் பழுதுச் செலவிலும் உங்களுக்குப் பங்கு வரும். அவற்றையும் ஆய்வாளர் பார்ப்பதற்கு அனுமதி வாங்குங்கள். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடமானால், சங்கக் கூட்டக் குறிப்புகளின் நகலையும் பராமரிப்பு நிதியின் இருப்பையும் கேளுங்கள். ஒரே கசிவைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருந்தால், ஆய்வாளர் பார்க்க வேண்டிய இடம் எது என்று அந்தக் குறிப்புகளே சொல்லிவிடும்.

கேள்வி: ஆய்வு முடிந்து அறிக்கை வந்துவிட்டது. பக்கம் பக்கமாகக் குறைகள். வீட்டுப் பெரியவர்கள் “இந்த வீடே வேண்டாம்” என்கிறார்கள். விற்பவரோ எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஆய்வு தேர்ச்சி, தோல்வி என்று தீர்ப்புச் சொல்வதன்று. கவனமான ஆய்வாளர் நல்ல வீட்டுக்கும் நீளமான அறிக்கைதான் தருவார். பெரியவர்களோடு உட்கார்ந்து, மூன்று நிறப் பேனாக்களால் அறிக்கையை ஒருமுறை குறித்துப் படியுங்கள். உயிருக்கு ஆபத்தானவை ஒரு நிறம்: எர்த் இல்லாத மின் இணைப்பு, எரிவாயுக் கசிவு, தளர்ந்த மாடிக் கைப்பிடி. பெருஞ்செலவு வைப்பவையும், விட்டால் வளர்பவையும் இன்னொரு நிறம்: அஸ்திவாரம், கூரை, கம்பித் துரு, கழிவுநீர்க் குழாய், சுவருக்குள் கசிவு. ஒட்டும் கைப்பிடி, உடைந்த டைல், சொட்டும் குழாய் போன்றவை மூன்றாவது. பெரும்பாலான பக்கங்கள் இந்த மூன்றாவதில்தான் போய்ச் சேரும். இவற்றுக்காக விற்பவரோடு பேரம் பேசினால், முதல் இரண்டு வகைகளைப் பற்றிப் பேசும்போது உங்கள் சொல்லுக்கு எடை குறைந்துவிடும். ‘பார்க்க இயலவில்லை’ என்று எழுதியிருக்கும் வரிகளைத் தனியாக வட்டமிட்டு, அவற்றை மறுபடி பார்க்க ஒரு நேரம் கேளுங்கள்.

இரண்டாவது வகைக்கு, அந்தந்த வேலை தெரிந்தவரிடம் எழுத்தில் செலவு மதிப்பீடு வாங்கிய பிறகே பேசுங்கள். என் கருத்தில், விற்பவரைச் சரிசெய்யச் சொல்வதைவிட அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்வது மேல். வீட்டைவிட்டுப் போகிறவருக்கு வேலை சீக்கிரமும் மலிவாகவும் முடிந்தால் போதும். அங்கே வாழப்போகிற உங்களுக்கோ அது பல ஆண்டுகள் நிற்க வேண்டும். அஸ்திவாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று கட்டமைப்புப் பொறியாளர் சொல்லி, அதன் காரணமும் செலவும் கெடுவுக்குள் தெளிவாகாவிட்டால், விலை எத்தனை குறைந்தாலும் விலகிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எரிவாயுக் கசிவு போன்ற சிலவற்றை விற்பவரே உடனே சரிசெய்துதான் ஆக வேண்டும். அவற்றுக்கு இன்ன வேலை, உரிமம் பெற்ற இன்ன வகைப் பணியாளரால், இன்ன தேதிக்குள் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் செய்யும் வேலையானால், பூசி மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். பத்திரம் முடிவதற்குச் சில நாள் முன்பு அதே ஆய்வாளரை அழைத்து அந்த இடங்களை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த மறு ஆய்வுக்கான கட்டணத்தை யார் கொடுப்பது என்பதையும் இப்போதே பேசி எழுதிவிடுங்கள்.